ஃபிரிஸ்கோவில் மூன்று பாப்பரசர்கள்

என் இரண்டாவது பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டியிருந்த வருடம், எங்கள் ஃபிரிஸ்கோவில் ஒரே நேரத்தில் மூன்று பாப்பரசர்கள் இருந்தார்கள். மூவரும் தமிழர்கள். மூவரும் என்னை நன்றாக அறிந்தவர்கள். அதுதான் பிரச்சினை.

பாப்பரசர் என்று நானாகத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியில் அவர்களுக்குப் பெயர் தலைவர். டல்லாஸுக்கு வடக்கே குடியிருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை தமிழில் பூசை காண்பதற்காக வைத்திருந்த சிறிய சங்கம் எங்களுடையது. தலைவர் ஒருவர்தான் இருக்கலாம் என்று சங்க விதி சொன்னது. அந்த ஒருவர் தாம்தான் என்று மூன்று பேர் சொன்னார்கள்.

சங்கத்தை ஆரம்பித்தவர் தூத்துக்குடிக்காரர். வேளாங்கண்ணி மாதா சுரூபம் ஒன்றை ஊரிலிருந்து கப்பலில் வரவழைத்து, பட்டுச்சேலை உடுத்தி, தன் வீட்டுக் கராஜில் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் யாரும் ஓடாத ட்ரெட்மில்லுக்கும் நடுவில் பீடம் கட்டி வைத்திருந்தார். பெயர்கள் எழுதப்போவதில்லை என்பதால் இவரை மாதா அங்கிள் என்றே சொல்கிறேன்.

மாதா அங்கிள் மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்கிவிட்டார். அந்த இடைவெளியில் பாடகர் குழுவினர் கூடி, கன்னியாகுமரிக்காரர் ஒருவரைத் தலைவராக்கினார்கள். கீபோர்டு, இரண்டு உயரமான ஸ்பீக்கர்கள், மைக், சுருள் சுருளாகக் கேபிள் எல்லாம் அவருடைய மினிவேனிலேயே எப்போதும் கிடக்கும். இவர் மைக் அங்கிள். மாதா அங்கிள் திரும்பி வந்து, "நான் எப்பம்மா ராஜினாமா பண்ணேன்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். சங்கம் இரண்டாகப் பிரிந்தது. வாட்ஸப் குழுவும் இரண்டானது.

சமாதானம் செய்யச் சில பெரியவர்கள் ஒரு காபிக் கடையில் கூடினார்கள். இருவரும் விலகட்டும், நடுநிலையாக ஒருவர் வரட்டும் என்று சொல்லி, சென்னைக்கார ஆன்ட்டி ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்களுக்குப் பூசைக்கு இடம் கொடுத்திருந்த அமெரிக்கப் பங்குக் கோயிலின் பழைய சிற்றாலயச் சாவி அவரிடம்தான் இருந்தது. சாவி ஆன்ட்டி பதவியை ஏற்றுக்கொண்டார். மற்ற இருவரும் விலகவில்லை. இரண்டைத் தீர்க்கப் போய் மூன்றாக்கிவிட்டு, பெரியவர்கள் காபியைக் குடித்து முடித்துக் கலைந்தார்கள்.

மூன்றாவது குழுவில் என்னைச் சேர்த்த செய்தி வந்தபோது நான் சிரித்துவிட்டேன். பிள்ளைக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்து, "என்ன?" என்றார். சொன்னால் அவருக்குப் புரியாது. நான் சென்னையில் முதுகலை வரலாறு படித்தவள். என் ஆய்வேடு இதைப் பற்றியதுதான். திருச்சபைக்கு ஒரு காலத்தில் ரோமில் ஒரு பாப்பரசரும் பிரான்சில் ஒரு பாப்பரசரும் இருந்தார்கள். தீர்த்துவைக்க கர்தினால்கள் பீசா நகரில் கூடி மூன்றாவதாக ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற இருவரும் போகவில்லை. அப்புறம் கான்ஸ்டன்ஸ் என்ற ஊரில் பெரிய பொதுச்சங்கம் ஒன்று கூடித்தான் அந்தச் சிக்கல் அவிழ்ந்தது. அவிழும்போது ஒரு புதுக் கேள்வியும் விழுந்தது: பாப்பரசர் பெரியவரா, பொதுச்சங்கம் பெரியதா? இரண்டு வருடம் கல்லூரி நூலகத்தில் மின்விசிறி ஓடாத மூலையில் உட்கார்ந்து இதை எழுதினேன். வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர், "இதெல்லாம் உனக்கு என்னம்மா பயன்படப் போகுது?" என்று கேட்டார். டெக்ஸாஸில் பயன்படும் என்று சொல்லியிருக்கலாம்.

இனி என் கஷ்டம். மூத்தவளுக்கு ஊரடங்கு காலத்தில், முகக்கவசத்தோடு, நான்கைந்து பேர் மட்டும் நிற்க, ஆங்கிலத்தில் ஞானஸ்நானம் நடந்தது. ஆசீர்வாதத்துக்குக் குறைவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டாலும், என் காதுக்கு ஏதோ பாக்கி இருந்தது. இரண்டாவது கர்ப்பம் சிக்கலாகிப் படுக்கையிலேயே கிடந்தபோது, பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் தமிழ்ப் பூசையில் ஞானஸ்நானம் கொடுத்து வேளாங்கண்ணி மாதா காலடியில் கிடத்துவதாக நேர்ந்துகொண்டேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தான். எங்களுக்குத் தமிழில் பூசை வைத்துக்கொண்டிருந்த ஃபாதரை அவருடைய மறைமாவட்ட ஆயர் ஊருக்குத் திரும்ப அழைத்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு தமிழ்ப் பூசைதான் பாக்கி. அதற்குச் சுரூபம் மாதா அங்கிளிடம், பாட்டு மைக் அங்கிளிடம், சாவி சாவி ஆன்ட்டியிடம்.

எங்கள் பக்கத்தில் வீட்டு விசேஷம் என்றால் முதல் பத்திரிகை யாருக்குப் போகிறது என்பது பெரிய விஷயம். பீடத்தில் ஒன்று வைத்துவிட்டு, அடுத்ததை ஊர்ச் சபையில் முதன்மையானவர் கையில் தட்டோடு கொடுக்க வேண்டும். அவர்தான் தலை என்று அதற்கு அர்த்தம். இதனால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் என் உறவிலேயே உண்டு.

"ஈவைட் அனுப்பிடு. எல்லாருக்கும் ஒரே செகண்டுல போயிடும்," என்றார் கணவர்.

"பெரியவங்களுக்கு ஈவைட்டா? நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. ஆக்செப்ட் பண்ணுவாங்க, இல்ல டிக்ளைன் பண்ணுவாங்க."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அன்றைக்கு நான் யோசித்தது வேறு. ஒரு சனிக்கிழமை காலை மூத்தவளுக்கு வெள்ளை ஃப்ராக் போட்டு, கைக்குழந்தையைக் கார் சீட்டில் கட்டி, பழம், கல்கண்டு, பத்திரிகை எல்லாவற்றுடனும் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் மாதா அங்கிள் வீடு. அது வழியில் இருந்தது, வேறு காரணம் இல்லை.

"மொதல்ல எங்கிட்டயா வந்திருக்கே?"

"ஆமா அங்கிள், உங்களுக்குத்தான் முதல்ல." இது உண்மை.

"பாத்தியா, மரியாத தெரிஞ்ச புள்ள," என்று மனைவியிடம் சொன்னார். தட்டைப் பிடித்தபடி எங்களுடன் படம் எடுத்துக்கொண்டார். அப்புறம் அந்த அம்மாள் என் மகளுக்கு மாம்பழ ஜூஸ் கொடுத்தார்.

அடுத்து மைக் அங்கிள். "வாங்க மக்ளே. வேற எங்கயும் போய்ட்டு வரலியே?"

நான் வாயைத் திறந்தேன். மனதுக்குள் வேகமாகக் கணக்குப் போட்டேன். இவருடைய குழுவைப் பொறுத்தவரை இவர்தானே முதல்? அப்படிப் பார்த்தால் இது பொய் இல்லை. "உங்களுக்குத்தான் முதல்ல அங்கிள்," என்றேன். படம் எடுத்துக்கொண்ட பிறகு அவர் மனைவி மகளுக்குச் சாக்லேட் ஐஸ்கிரீம் கொடுத்தார்.

சாவி ஆன்ட்டி கதவைத் திறக்கும்போதே, "ஃபர்ஸ்ட் இன்விடேஷன் எனக்குத்தானே?" என்றார். நான் யோசிக்கக்கூட இல்லை. "ஆமா ஆன்ட்டி." அங்கேயும் படம்.

அந்தக் காலத்து ராஜாக்கள் இப்படித்தான் ஒரு பாப்பரசருக்குக் கடிதம் எழுதிவிட்டு இன்னொருவருக்கும் எழுதினார்கள். அவர்களுக்கு வாட்ஸப் இல்லை.

அன்று மாலையே மூன்று குழுக்களிலும் மூன்று படங்கள் வந்தன. மூன்றிலும் "முதல் பத்திரிகை நம் தலைவருக்கு" என்று ஒரே மாதிரி வாசகம். வம்பு வேண்டாமே என்று எல்லாக் குடும்பங்களும் எல்லாக் குழுக்களிலும் இருந்தார்கள் என்பதை நான் மறந்துவிட்டேன். யாரோ மூன்றையும் பக்கம் பக்கமாக ஒட்டிப் போட்டார்கள். அதன் கீழே, எங்கள் சங்கத்தில் எப்போதும் அமைதியாக இருக்கும் ஒரு டாக்டர் அம்மா ஒரு வரி எழுதினார்: "ஃப்ராக்கைப் பாருங்க."

முதல் படத்தில் ஃப்ராக் பளிச்சென்று வெள்ளை. இரண்டாவதில் நெஞ்சில் மாம்பழம். மூன்றாவதில் மாம்பழத்தின் மேல் சாக்லேட். சான்றுகளைக் கொண்டு காலவரிசையை நிறுவுவது எப்படி என்று எங்களுக்குக் கல்லூரியில் ஒரு பாடமே இருந்தது. அதை இத்தனை தெளிவாக யாரும் விளக்கியதில்லை.

சாவி ஆன்ட்டிதான் முதலில் ஃபோன் செய்தார். "ஏன்மா, அவங்க ரெண்டு பேர் வீட்டுக் கறையோடதான் எங்க வீட்டுக்கு வந்தியா?"

"ஆன்ட்டி, அது வந்து..."

"பரவால்ல விடு. ஆனா அந்த சண்டே சேப்பல்ல டீப் க்ளீனிங். கீ தர முடியாது."

"டீப் க்ளீனிங்கா ஆன்ட்டி? எப்ப முடிவாச்சு?"

"இப்பதான்."

மைக் அங்கிள், பாடகர் குழுவுக்குத் தொண்டை சரியில்லை என்றார். எல்லாருக்குமா என்று கேட்டேன். எல்லாருக்குந்தான் என்றார். உண்மையிலேயே முதல் பத்திரிகை வாங்கிய மாதா அங்கிளாவது பக்கபலமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர், "மொதல்லன்னா ஒருத்தருக்குத்தாம்மா மொதல்ல," என்றார். மாதாவுக்கு இப்போது பயணம் சரிப்படாது என்றும் சொன்னார்.

ஃபாதரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளுக்குத் துணைநிற்கும் வேலையில் இருந்தவர், எதற்கும் பதறமாட்டார். "ஃபாதர், நீங்க ஒரு வார்த்தை சொன்னா மூணு பேரும் கேட்பாங்க," என்றேன்.

"நான் சொன்னா நாலாவது ஆளா ஆயிடுவேன்மா. நீங்க எல்லாரும் உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க. ஆலயத்தத் திறந்தா நான் வந்து நிக்கிறேன்."

உட்கார்ந்து பேசுவது. அங்கேதான் சிக்கல். பொதுக்குழுவைத் தலைவர்தான் கூட்ட வேண்டும் என்பது சங்க விதி. அந்தக் காலத்திலும் இதே கதைதான்: பாப்பரசர் கூட்டினால்தான் பொதுச்சங்கம் செல்லும். யார் பாப்பரசர் என்று தீர்மானிக்கத்தானே சங்கம் வேண்டும்? இந்த இடத்தில் ஆய்வேட்டில் நான் நாற்பது பக்கம் சுற்றியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு நிமிடத்தில் தீர்த்துவைத்தார். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் சபைக்குச் சம்பந்தமே இல்லாதவர். சனிக்கிழமைகளில் கோயிலில் பிரசாதச் சமையலுக்குப் போகிறவர். வேலிக்கு மேலாக என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, மொகம் வாடிக் கெடக்குது?" என்று கேட்டார். நான் கொட்டித் தீர்த்தேன்.

"எங்க கமிட்டியிலயும் இதே ரோதனதான்," என்றார். "கூட்டம் போட வேண்டீதுதானே?"

"தலைவர் கூப்பிட்டாத்தான் ஆன்ட்டி செல்லும்."

"யாரு தலைவரு?"

"அதத்தான் முடிவு பண்ணணும்."

"அப்ப நாங் கூப்புடறேன். நா உங்க சங்கத்துல இல்லியே, எனக்கேது விதி? வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரும் எங்கூட்டுக்குச் சாப்பிட வாங்க. கோழி போடறேன். எவங்க வரமாட்டேங்கறாங்கன்னு பாக்கலாம்."

கான்ஸ்டன்ஸ் சங்கத்தையும் கூட்டவைத்தவர் குருவானவர் இல்லை. ஓர் அரசர், வெளியாள். எனக்குச் சிலிர்த்தது.

எல்லாரும் வந்தார்கள். கோழியின் வாசனை பின்தோட்டம் முழுவதும் நிறைந்திருந்தது. ஆன்ட்டி குழந்தைகளுக்கு மட்டும் பரிமாறிவிட்டு, பெரிய அண்டாவை மூடி, மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "முடிவு சொன்னாத்தான் தெறப்பேன்."

மாதா அங்கிள் தலைக்கு ஒரு ஓட்டு என்றார். தூத்துக்குடிக்காரர்கள்தான் பாதிக்கு மேல், அதனால் அவருக்கு அது நியாயமாகப் பட்டது. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனாலும் வாய் திறந்துவிட்டது. "கான்ஸ்டன்ஸ்ல நாட்டுக்கு ஒரு ஓட்டுன்னுதான் வச்சாங்க. ஒரே நாட்டுக்காரங்க கூட்டம் அதிகமா இருந்ததால."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "எங்க?" என்றார் மாதா அங்கிள்.

"கான்ஸ்டன்ஸ்ல, அங்கிள்."

"அது எந்தப் பங்கு? ஹூஸ்டன் பக்கமா?"

ஐரோப்பாவில் என்று சொன்னதும் மரியாதை கூடிவிட்டது. மாவட்டத்துக்கு ஒரு ஓட்டு என்று முடிவானது. தூத்துக்குடி ஊஞ்சலருகே, குமரி பார்பிக்யூ அடுப்பருகே, சென்னை நிழலில், திருச்சி தஞ்சாவூர் மீதமிருந்த வெயிலில். கணவர் குமரி, மனைவி சென்னை என்ற ஒரு ஜோடி நடுவில் தடுமாறி நின்றது. எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு அந்த மனிதர், "வீட்டுல யாரு பக்கம் சோறோ, அந்தப் பக்கம்," என்று நிழலுக்குப் போனார்.

என் மகள் ஓடிவந்து, "அம்மா, ஆர் தே ஃபைட்டிங் ஆர் ப்ளேயிங்?" என்று கேட்டாள்.

"பேசிட்டிருக்காங்கம்மா."

"கேன் ஐ ப்ளே டூ?"

முதல் தீர்மானம், பொதுக்குழு எந்தத் தலைவருக்கும் மேலானது, மூவரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பது. நான்தான் வாசகம் சொன்னேன். பாதி என்னுடையது, பாதி அறுநூறு வருடப் பழையது. நான்கு மூலைகளிலிருந்தும் கை உயர்ந்தது.

மாதா அங்கிள் எழுந்தார். "ஒரு நிமிஷம். இந்தக் கூட்டத்த நான்தான் கூட்டுறேன். அது குறிப்புல வரணும்."

கூட்டம் கூடி வெகுநேரம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி அண்டா மேல் வைத்த கையை எடுக்காமலே, "செரிங்க, நீங்களே கூட்டிக்குங்க," என்றார்.

"கூட்டிட்டேன்ல? இப்ப ராஜினாமா பண்றேன்." உட்கார்ந்துவிட்டார்.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரோமிலிருந்த பாப்பரசர் அன்றைக்கு இதைத்தான் செய்தார். ஏற்கனவே கூடியிருந்த சங்கத்தைத் தாமே கூட்டுவதாக அறிவித்துவிட்டு, மானத்தோடு விலகினார். கணவரின் கையைப் பிடித்துச் சொன்னேன். அவர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "சிக்கன் எப்ப?" என்றார்.

மைக் அங்கிள் சம்மதிக்கவில்லை. "நான் வண்டியில இருக்கேன்," என்று போய் மினிவேனுக்குள் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டார். கடைசியாக வந்தவர் என்பதால் வேன் ட்ரைவ்வேயின் வாயை அடைத்து நின்றது. சிறிது நேரத்தில் ஸ்பீக்கரில் அவர் குரல் தெரு முழுக்கக் கேட்டது. "நோவா பேழையில எட்டுப் பேருதான் இருந்தாவ. உண்மையான சபை அதுதான்."

பாப்பரசர்களில் ஒருவர் கடலோரக் கோட்டையில் போய் உட்கார்ந்துகொண்டு, பேழை இங்கேதான் இருக்கிறது என்று கடைசிவரை சொன்னார். அவருக்கு மைக் இல்லை.

மாதா அங்கிள் வேலியோரம் போய்ப் பதில் கொடுத்தார். "எட்டுப் பேராவது இருந்தாங்க வே. ஒம்ம வண்டியில நீரு ஒருத்தர்தானே?"

நாயோடு நடந்துபோன ஒரு அமெரிக்கர் நின்று கேட்டுவிட்டு, எங்களுக்குப் பண்டிகை வாழ்த்துச் சொல்லிப் போனார்.

இந்தச் சந்தடியில் சாவி ஆன்ட்டியைக் காணவில்லை. கணவரின் கிரிக்கெட் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அவருடைய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவியிருக்கிறார். மூன்றாவது பாப்பரசரும் கான்ஸ்டன்ஸிலிருந்து குதிரைக்காரன் வேடத்தில்தான் தப்பினார். அவருக்குக் குதிரை தயாராக இருந்தது. ஆன்ட்டியின் காரோ ட்ரைவ்வேயின் உள்கோடியில், மைக் அங்கிளின் வேனுக்குப் பின்னால் சிக்கியிருந்தது. தொப்பியோடு திரும்பி வந்தார்.

"வேனக் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்களேன்."

"அவர் எடுக்க மாட்டார் ஆன்ட்டி," என்றேன். "விலக மாட்டேன்னு உள்ள உக்காந்திருக்கார்."

"அப்ப நான் எப்படிப் போறது?"

"எதுக்குக் கண்ணு போறீங்க?" என்றார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. "உக்காருங்க. அந்தத் தொப்பி உங்களுக்கு நல்லாத்தான் இருக்குது."

எங்கள் ஊரில் கார் இல்லாமல் ஒருவர் கோபித்துக்கொண்டுகூடப் போக முடியாது. நடைபாதை பூங்காவைச் சுற்றி வந்து அதே இடத்தில் விடும். சாவி ஆன்ட்டி தெருவைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். கைப்பையிலிருந்து சாவியை எடுத்து ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார். "எனக்கு மட்டும் ஆசையா? அன்னைக்கு காபிக் கடையில நீங்கதானே என்னப் பிடிச்சு உக்கார வச்சீங்க?" அது உண்மைதான். எனக்குப் பாவமாக இருந்தது. அந்தக் கறைபடிந்த ஃப்ராக்கோடு போயிருக்க வேண்டாம், மாற்று ஃப்ராக் காரில்தான் இருந்தது என்று இப்போதும் தோன்றுகிறது.

புதிய தலைவர் யார்? ஒவ்வொரு மூலை சொன்ன பெயரையும் மற்ற மூலைகள் தள்ளின. பசி ஏறிக்கொண்டிருந்தது. அப்போது டாக்டர் அம்மா என் கணவரைக் காட்டி, "அவர் எந்த மூலை?" என்று கேட்டார்.

"நான் நெய்வேலிங்க," என்றார் கணவர். அவர் எந்த மூலையிலும் நிற்கவில்லை. அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நெய்வேலில எல்லா ஊர்க்காரங்களும்தானே இருப்பாங்க? குழுவுல வர்ற மெசேஜ் எல்லாம் பாப்பீங்களா?"

"இல்லங்க. மூணையும் ம்யூட்ல போட்டுட்டேன். சாரி."

நான்கு மூலைகளிலும் ஒரே நேரத்தில் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். யாரையும் புண்படுத்தாத மனிதர், ஏனென்றால் எதையும் படிக்காத மனிதர். கை உயர்ந்தது. என் கணவர் ஏப்பம் விடும் குழந்தையோடு தலைவரானார். பொதுக்குழுவுக்குக் கட்டுப்படுவேன், அதை அடிக்கடி கூட்டுவேன் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி மூடியைத் திறந்தார். அண்டாவிலிருந்து, புதுப் பாப்பரசர் தேர்வானால் ரோமில் எழும் புகை போல, வெள்ளையாக ஆவி மேலே எழும்பியது. கத்தோலிக்கர்கள் எல்லாரும் ஒரு நொடி அதையே பார்த்தோம். அப்புறம் தட்டை எடுத்தோம்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டே கணவர் சொன்னார்: "ஞானஸ்நானத்துக்கு கேக் வேண்டாம். சர்க்கரை ஜாஸ்தி. முடிவு பண்ணிட்டேன்."

"யாரக் கேட்டு?"

"தலைவர் யாரு?"

"பொதுக்குழு தலைவருக்கு மேல. நீங்களே ஒத்துக்கிட்டீங்க."

"சரி. பொதுக்குழுவைக் கூட்டறது யாரு?"

கான்ஸ்டன்ஸ் சங்கம் தேர்ந்தெடுத்த பாப்பரசரும் அவருக்குப் பின் வந்தவர்களும் மெல்ல மெல்லச் சங்கத்தை ஓரங்கட்டினார்கள். பாப்பரசரின் தீர்ப்பை எதிர்த்துச் சங்கத்திடம் முறையிடுவதே குற்றம் என்றுகூடப் பின்னால் ஒருவர் எழுதிவைத்தார். என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அது. அவருடைய கேள்விக்குப் பதிலாக நான் அன்று இரண்டாவது தோசை சுட்டுப் போட்டேன். அவர் அதைச் சாப்பிட்டபடியே "அதிகாரபூர்வம்" என்ற பெயரில் புதுக் குழு ஒன்று தொடங்கினார். பழைய மூன்றையும் யாரும் மூடவில்லை.

கேக்கை நான் ஆர்டர் செய்தேன். சரியா தவறா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாவி ஆன்ட்டியே, என் கணவர் திருப்பிக் கொடுத்த சாவியோடு வந்து சிற்றாலயத்தைத் திறந்தார். டீப் க்ளீனிங் எதுவும் நடந்த அடையாளம் இல்லை. மாதா அங்கிள் பிக்கப் வண்டியின் முன் சீட்டில் சுரூபத்தை உட்காரவைத்து, சீட் பெல்ட் போட்டு அழைத்துவந்தார். பாடகர் குழுவுக்கு ஒரே இரவில் தொண்டை குணமாகியிருந்தது. மைக் அங்கிள் மட்டும் இல்லை. வேன் பார்க்கிங்கில் நின்றது, அவர் அதற்குள் உட்கார்ந்திருந்தார்.

ஃபாதர் உடை மாற்றிக்கொண்டிருந்தார். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வேனுக்குப் போனேன். இந்த முறை அவளுக்குக் கருநீல ஃப்ராக். கண்ணாடியை இறக்கினார்.

"உள்ள வாங்க அங்கிள்."

"வரல்ல மக்ளே. நான் உள்ள வந்தா அவரத் தலைவர்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆவும்."

"யாரை?"

"உம் புருசனத்தான்."

"அவரை நானே இன்னும் ஒத்துக்கல அங்கிள்."

அவர் சிரிக்கக் கூடாது என்று ரொம்ப முயன்றார். வேனே குலுங்கியது. "பிள்ளைக்கு நேர்ச்சையாமே?" என்று கேட்டார்.

"ஆமா அங்கிள். தமிழ்ல, எல்லாரும் இருக்கும்போது. நீங்களுந்தான்."

வேனிலிருந்து இறங்கினார். பிறகு பின்கதவைத் திறந்து கேபிள் சுருளை எடுத்தார். "மைக்க மட்டும் உள்ள விடுதேன். நான் வரமாட்டேன்."

கேபிள் பார்க்கிங்கைத் தாண்டி, புல்தரையைத் தாண்டி, சிற்றாலயத்தின் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்தது. கணவர் அதை வாங்கி ஃபாதரிடம் நீட்டினார். தலைவராக அவர் செய்த வேலைகளில் இதை மட்டும் நான் குறை சொன்னதில்லை.

தண்ணீர் ஊற்றும் நேரத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஃபாதர் பிள்ளையின் பெயரைச் சொல்லி, "உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்," என்றார். வேனுக்குள் வால்யூம் முழுதாக இருந்திருக்க வேண்டும். அந்த வார்த்தைகள் உள்ளே ஒருமுறையும் பார்க்கிங்கில் ஒருமுறையும் கேட்டன. கூடவே காதைக் கிழிக்கும் ஒரு கீச்சு. பிள்ளை அதற்கு மேலே கத்தினான், அதுவும் பார்க்கிங்கில் கேட்டது. என் காதுக்கு இருந்த பாக்கி வட்டியோடு தீர்ந்தது. மாதாவின் காலடியில் கிடத்தினோம். அவன் பட்டுச்சேலையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். மாதா அங்கிள், "வுடு, இழுக்கட்டும்," என்றார்.

கூடத்தில் கேக்கைப் பார்த்ததும் கணவர் என் காதருகே குனிந்தார். "இது யாரோட முடிவு?"

"பொதுக்குழு."

"எப்பக் கூடுச்சு?"

"நானும் பாப்பாவும் கடையில கூடினோம்."

கத்தியை எடுத்த பிறகுதான் பார்த்தேன். முதல் துண்டு யாருக்கு என்று எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் மாதா அங்கிள், அந்தப் பக்கம் சாவி ஆன்ட்டி, எதிரே அதிகாரபூர்வத் தலைவர். ஜன்னலுக்கு வெளியே வேனின் கண்ணாடியும் இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டியைத் தேடினேன், அவர் சாம்பார் வாளியோடு வெகு தூரத்தில் இருந்தார். என் கை அந்தரத்தில் நின்றது.

என் மகள் மேசை மேல் எட்டி, முழங்கை வரை கிரீமில் புதைத்து, ஒரு பெரிய கைப்பிடியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். "ஐ காட் ஃபர்ஸ்ட்," என்றாள்.

யாரும் மறுக்கவில்லை. யாரோ படம் எடுத்தார்கள். அது நான்கு குழுக்களிலும் வந்தது. கருநீல ஃப்ராக்கில் வெள்ளைக் கிரீம் நன்றாகவே தெரிந்தது.